ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு ஒரே போர்டில் வேலை செய்வது: டிஜிட்டல் வைட்போர்டு முழுமையான வழிகாட்டி

ராயபுரத்தில் ஆபீஸ், டாக்குமென்ட் பார்ப்பவர் பெரம்பூரில் வீட்டிலிருந்து, கணக்கு பார்ப்பவர் திருவொற்றியூரில், ஃபீல்டு ஆள் மணலி பக்கம் ஏதாவது ஒரு சி.எஃப்.எஸ். (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னரை வைத்துப் பரிசோதிக்கும் இடம்) வாசலில். இப்படிச் சிதறி இருக்கும் சின்ன அணிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிஜிட்டல் வைட்போர்டு என்றால், எல்லோரும் அவரவர் திரையில் ஒரே நேரத்தில் எழுதி, நகர்த்தக்கூடிய ஒரு வெள்ளைப் பலகை. உதாரணத்தையும் கிளியரிங் (சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும்) வேலையிலிருந்தே எடுத்திருக்கிறேன்: இறக்குமதியான ஒரு கன்டெய்னர் கிளியர் ஆகி வெளியே போவதற்குள் எங்கெங்கே நாள் வீணாகிறது என்று அணியாக உட்கார்ந்து கண்டுபிடிப்பது. உங்களுடையது சாஃப்ட்வேர் வேலையாக இருந்தாலும் டியூஷன் சென்டராக இருந்தாலும் வரிசை இதேதான்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கருவியில் இல்லை. வெற்று போர்டைத் திறந்து வைத்து, லிங்க்கை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, "எல்லாரும் எழுதுங்க" என்று சொல்வதில்தான். பத்து நிமிடம் யாரும் எழுத மாட்டார்கள், அப்புறம் ஒருவர் மட்டும் எழுதுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை. அவற்றைத் தாண்டி நேராக 7ஆம் படிக்குப் போகாதீர்கள்.

1. போர்டு தேவைப்படும் வேலைதானா என்று பாருங்கள்

"இன்னைக்கு எத்தனை பில் ஃபைல் ஆச்சு" என்பதற்கு போர்டு வேண்டாம், வாட்ஸ்அப் குரூப் போதும். எண்களைக் கூட்டிக் கழிக்க வேண்டுமென்றால் ஷீட் போதும்.

எது முன்னால் எது பின்னால் என்ற வரிசையில் குழப்பம், ஒரே பிரச்சினையை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்வது, இருக்கும் பல யோசனைகளில் இரண்டை மட்டும் பொறுக்க வேண்டியது, இந்த மாதிரி வேலைக்குத்தான் போர்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்து, நகர்த்தி, சண்டை போட ஓர் இடம் வேண்டும் என்றால் மட்டும் திறங்கள்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

நடத்துபவருக்கு லேப்டாப்பும் ஒரு மவுஸும் கட்டாயம். டச்பேடில் போர்டை நடத்துவது கஷ்டம், பெரிதாக்கப் போய் ஏதோ ஒரு பெட்டி இடம் மாறிவிடும்.

பேச்சுக்குத் தனி வழி வையுங்கள். மீட், ஸூம் அல்லது சாதாரண கான்ஃபரன்ஸ் கால். போர்டு மெதுவானாலும் பேச்சு நிற்காமல் ஓட வேண்டும் என்பதுதான் காரணம். ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். கூட்டத்தையே 40 நிமிடத்துக்குள் திட்டமிடுவது நல்லது, அதற்கு மேல் யாருடைய கவனமும் போர்டில் இருக்காது.

அப்புறம் கரண்ட். மின்வாரியம் பராமரிப்புக்காக காலையிலிருந்து மதியம் வரை நிறுத்தும் நாள் உங்கள் ஏரியாவுக்கு எது என்று பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். பெரம்பூரில் கரண்ட் இருக்கும், தண்டையார்பேட்டையில் இருக்காது, அதனால் உங்கள் வீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரூட்டருக்கென்று விற்கும் சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கிப் போட்டால் அரைமணி கட்டைச் சமாளிக்கலாம். அதுவும் இல்லையென்றால் போன் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை லேப்டாப்பில் இணைத்து, பாஸ்வேர்டைச் சேமித்து வையுங்கள். நடுக்கூட்டத்தில் பாஸ்வேர்டு தேடுவது மாதிரி எரிச்சல் வேறில்லை.

3. கருவியைத் தேர்ந்தெடுப்பது

இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். அணியில் கம்ப்யூட்டரோடு பழக்கம் குறைவானவர் எதற்குள் சுலபமாக நுழைவாரோ அதை எடுங்கள்.

எக்ஸ்காலிட்ரா: கணக்கே வேண்டாம், பிரவுசரில் திறந்து, நேரலைப் பகிர்வைத் தொடங்கி லிங்க் அனுப்பினால் போதும். முதல்முறை செய்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். லிங்க் கிடைத்த எல்லோரும் திருத்தலாம் என்பது ஒரு சிக்கல். இன்னொன்று, லிங்க்கின் கடைசிப் பகுதியில்தான் பூட்டைத் திறக்கும் சாவி இருக்கிறது, பாதி லிங்க்கை காப்பி செய்து அனுப்பினால் திறக்காது.

மிரோ: ஃபிரேம் (போர்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் பெட்டி), டெம்ப்ளேட் (தயார் வடிவம்) எல்லாம் வசதியாக இருக்கும், போனுக்கு ஆப்பும் உண்டு. இலவசக் கணக்கில் திருத்தக்கூடிய போர்டு 3 மட்டும். திருத்த வேண்டியவர்களை ஈமெயில் போட்டு முன்னாலேயே அணிக்குள் சேர்த்துவிடுங்கள்.

ஃபிக்ஜாம்: டிசைன் ஆட்கள் இருக்கும் அணி என்றால் இது. ஸ்டிக்கி நோட்டின் (போர்டில் ஒட்டும் சின்னச் சீட்டு) அடியில் எழுதியவர் பெயர் தானாக வரும், வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாம்.

ஆபீஸில் ஏற்கெனவே டீம்ஸ் ஓடுகிறது என்றால் மைக்ரோசாஃப்ட் வைட்போர்டு அதற்குள்ளேயே இருக்கிறது, வேறு எதையும் தேட வேண்டாம். பழைய வீடியோக்களைப் பார்த்து கூகுள் ஜேம்போர்டைத் தேடாதீர்கள், 2024 முடிவோடு அதை மூடிவிட்டார்கள்.

4. லிங்க்கும் அனுமதியும்

பார்க்க மட்டும், கருத்துச் சொல்ல, திருத்த என்று பல கருவிகளில் மூன்று விதம் இருக்கும். "எனக்கு எழுதவே வரல" என்று கூட்டம் தொடங்கியதும் வரும் குரலுக்குக் காரணம் பத்தில் ஒன்பது தடவை இதுதான், லிங்க் பார்க்க மட்டும் என்று போயிருக்கும்.

லிங்க்கை அனுப்புவதற்கு முன் பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் நீங்களே திறந்து ஒரு நோட்டு எழுதிப் பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் எல்லாமே திறக்கும், அதை வைத்து மற்றவர்களுக்கும் திறக்கும் என்று நினைக்கக் கூடாது.

போர்டில் எது வரக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். கஸ்டமரின் ஐ.இ.சி. எண் (இறக்குமதியாளர் குறியீடு), இன்வாய்ஸ் படம், ஐஸ்கேட் (சுங்கத்துறை இணையதளம்) லாகின், ஓ.டி.பி. எதுவும் ஏறக் கூடாது. கம்பெனிப் பெயருக்குப் பதில் "கஸ்டமர் ஏ", "கஸ்டமர் பி" போதும். லிங்க் எந்த குரூப்புக்கு ஃபார்வர்டு ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

5. போர்டைத் தயார் செய்வது

வழிகாட்டியில் முக்கியமான படி இது. கூட்டத்துக்கு வருபவர் போர்டைத் திறந்தவுடன், யாரையும் கேட்காமல், எங்கே என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு கேள்வி. "கிளியரன்ஸை வேகமாக்குவது எப்படி" என்று போட்டால் ஆளுக்கொரு திசையில் போவார்கள். "கன்டெய்னர் ஃப்ரீ டேஸைத் தாண்டும்போது எந்த இடத்தில் நாள் போகிறது?" என்று போட்டால் பதில் அதற்குள் வரும் (ஃப்ரீ டேஸ் என்றால் கன்டெய்னருக்கு வாடகை இல்லாத நாட்கள்). கேள்வியில் எவ்வளவு குறுகலாகப் போகிறீர்களோ அவ்வளவுக்கு நோட்டுகள் உருப்படியாக இருக்கும்.

அடுத்து அதன் கீழே நான்கு ஃபிரேம், இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றுக்கும் பெரிய எண்:

1 – கப்பல் வருவதற்கு முன்
2 – அசெஸ்மென்ட் (வரி மதிப்பீடு), டியூட்டி கட்டுவது
3 – சி.எஃப்.எஸ். பரிசோதனை, அவுட் ஆஃப் சார்ஜ் (சுங்கம் சரக்கை விடுவிக்கும் உத்தரவு)
4 – டி.ஓ. (கப்பல் கம்பெனி தரும் டெலிவரி ஆர்டர்), கேட் அவுட், காலி கன்டெய்னரை யார்டில் திருப்புவது

எண் எதற்கு என்றால், போனில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு "மேலே வலது பக்கம் அந்த மஞ்சள் நோட்டு" என்பது புரியாது, "மூணாம் ஃபிரேம்" என்பது புரியும். ஐந்தாவதாக ஓரத்தில் "அப்புறம் பேசுவோம்" என்று ஒரு காலி ஃபிரேம் வையுங்கள். துறைமுக ஸீரோ கேட்டில் லாரி வரிசை, சம்பளம், கப்பல் லைன் ஆபீஸ்காரர் போன் எடுக்காதது எல்லாம் நிச்சயம் வரும். அதை அடக்காமல் அங்கே ஒட்டிவிட்டால் சொன்னவருக்கும் திருப்தி, கூட்டமும் தடம் புரளாது.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். மஞ்சள் என்றால் நடப்பது, பிங்க் என்றால் சிக்குவது, பச்சை என்றால் யோசனை. ஆளுக்கொரு நிறம் கொடுக்கும் பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. பிங்க் எல்லாம் ஒருவருடையது என்று தெரிந்துவிட்டால் பேச்சு வேலையைப் பற்றிப் போகாமல் அந்த ஆளைப் பற்றிப் போகும்.

ஒவ்வொரு ஃபிரேமிலும் மாதிரிக்கு ஒரு நோட்டை நீங்களே எழுதி வையுங்கள். "டியூட்டி தாமதம்" என்று எழுதாதீர்கள், "டியூட்டி தொகையைக் கஸ்டமர் சாயங்காலம்தான் அனுப்புகிறார், ஒரு நாள் போகிறது" என்று எழுதுங்கள். மாதிரி நோட்டு எந்த நீளமோ, மற்றவர்கள் எழுதுவதும் அந்த நீளம்தான்.

கடைசியாக, தலைப்பு, ஃபிரேம், எண் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து லாக் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் யாரோ ஒருவர் போனில் விரலை வைத்து மூன்றாம் ஃபிரேமை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுவார், அதற்குள் இருக்கும் நோட்டுகளோடு.

பி.டி.எஃப்., பெரிய போட்டோ எதையும் போர்டில் ஒட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் தேவையென்றால் வேண்டிய இரண்டு வரியை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். கனமான போர்டு உங்கள் லேப்டாப்பில் ஓடும், மணலியில் இரண்டு புள்ளி சிக்னலில் நிற்கும் போனில் ஓடாது.

6. முந்தைய நாள் ஐந்து நிமிட ஒத்திகை

லிங்க்கை முந்தைய நாளே அனுப்பி, ஒரு சின்ன வேலை கொடுங்கள்: "உள்ளே போய் உங்க பேர் எழுதி, இன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்கன்னு ஒரு நோட்டு ஒட்டுங்க." வேடிக்கையாகத் தெரியும், ஆனால் யாருக்குத் திறக்கவில்லை, யாருக்கு எழுத வரவில்லை, யார் இன்னும் பிரவுசரைப் புதுப்பிக்கவில்லை என்பது இதில் வெளிச்சமாகிவிடும். பெயர் வராதவருக்கு மட்டும் போன் போட்டால் போதும்.

தமிழ் கீபோர்டுப் பிரச்சினையையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். இந்தக் கருவிகளில் ஒற்றை எழுத்து ஷார்ட்கட் நிறைய. எக்ஸ்காலிட்ராவிலும் மிரோவிலும் 'டி' (T) அழுத்தினால் எழுதும் பெட்டி வரும். தமிழ் 99 கீபோர்டு போட்டபடியே அதே கீயை அழுத்தினால் கருவிக்குப் போவது தமிழ் எழுத்து 'ஏ', அதனால் பல நேரம் ஒன்றுமே நடக்காது. "ஹேங் ஆயிடுச்சு" என்று லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டியை மவுஸால் எடுத்துவிட்டுத் தமிழுக்கு மாறுங்கள், விண்டோஸில் விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு மாறும். போனில் ஜிபோர்டின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுதிக்கொள்ளும்.

தமிழா ஆங்கிலமா என்று சட்டம் போடாதீர்கள். "டி.ஓ. லேட்" என்று எழுதுபவர் அப்படியே எழுதட்டும்.

7. கூட்டத்தை நடத்துவது

நடத்துபவர் ஒருவர், பதிவு செய்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் டைப் செய்யும் நேரமெல்லாம் கூட்டம் அமைதியாகக் காத்திருக்கும். 40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்.

முதல் 3 நிமிடம்: எல்லோரும் உள்ளே வந்தார்களா என்று பார்த்து, கேள்வியை ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். தெருவைப் பார்த்த வீட்டில் இருப்பவர்கள் மியூட்டில் இருக்கட்டும், எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் யார் பேசுவதும் கேட்காது.

அடுத்த 8 நிமிடம்: யாரும் பேசாமல் எழுதுவது. ஒரு நோட்டுக்கு ஒரு விஷயம் மட்டும். நிறையப் பேர் இந்த அமைதியைத் தாங்க முடியாமல் மூன்றாம் நிமிடமே பேசத் தொடங்கிவிடுவார்கள், விடாதீர்கள். பேச்சு தொடங்கினால் சத்தமாகப் பேசுபவர் சொல்வதுதான் எல்லோர் நோட்டிலும் வரும். முதலாளியோ சீனியரோ இந்த 8 நிமிடத்தில் எழுதக் கூடாது என்று முன்னாலேயே பணிவாகச் சொல்லி வையுங்கள். "சார், நீங்க கடைசியா எழுதுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர் முதலில் எழுதிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஒத்து ஊதுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்த 5 நிமிடம்: ஒரே மாதிரி நோட்டுகளைப் பக்கத்தில் சேர்ப்பது. சேருங்கள், அழிக்காதீர்கள். நான்கு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருப்பதே ஒரு தகவல்.

அடுத்த 15 நிமிடம்: பேச்சு. பிங்க் நோட்டு அதிகம் குவிந்த ஃபிரேமில் தொடங்குங்கள், 1இலிருந்து வரிசையாகப் போனால் 4க்கு நேரம் இருக்காது. இந்தக் கட்டத்தில்தான் போர்டு தன் வேலையைக் காட்டும். உதாரணத்துக்கு, பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி அறிக்கை) ஃபைல் செய்வதைப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் 2ஆம் ஃபிரேமில் ஒட்டுவார், டாக்குமென்ட் பார்க்கும் அக்கா அதை 1க்கு இழுப்பார். 2021இல் சுங்கச் சட்டத்தை மாற்றியதிலிருந்து கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் ஃபைல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000. இலங்கை, வங்கதேசம் மாதிரி சில பக்கத்து நாடுகளிலிருந்து வந்தால் அதில் விலக்கு உண்டு என்று இன்னொருவர் ஒரு நோட்டை ஒட்டுவார். ஒரே நோட்டு இடம் மாறியதில் மூன்று பேர் மனதிலிருந்த மூன்று வரிசைகள் வெளியே வந்துவிட்டன. போனில் பேசியிருந்தால் மூவரும் "ஆமாம், ஃபைல் பண்ணணும்" என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

4 நிமிடம் ஓட்டு. ஆளுக்கு மூன்று புள்ளி, எந்த பிங்க் நோட்டை முதலில் தீர்க்க வேண்டுமோ அதில் வைக்கலாம். உங்கள் பிளானில் ஓட்டு வசதி இல்லையென்றால் நோட்டின் ஓரத்தில் ஒரு பிளஸ் குறி போட்டால் போதும். மிச்சம் 5 நிமிடம் முடிவுகளுக்கு. யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இல்லாத நோட்டு முடிவில் சேராது.

8. போனில் இருப்பவரை எப்படிச் சேர்ப்பது

சி.எஃப்.எஸ்.ஸில் நிற்கும் தம்பியின் நிலைமையை யோசியுங்கள். வெயிலில் திரை தெரியாது, ஒரு கையில் பேப்பர், பக்கத்தில் ஃபோர்க்லிஃப்ட் சத்தம். அவரிடம் போய் நோட்டை இழுத்து அந்தப் பெட்டியில் போடச் சொன்னால் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்துவிடுவார். ஆனால் கன்டெய்னர் நிற்கும் இடத்தில் இருப்பவர் அவர் ஒருவர்தான், 3ஆம் ஃபிரேம் பற்றி அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது.

அதனால் எழுதும் 8 நிமிடத்தில் அவர் வாட்ஸ்அப்பில் பதிவு செய்பவருக்கு வாய்ஸ் நோட்டு அனுப்பட்டும். பதிவு செய்பவர் அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும், "சீல் வெட்டறதுக்கு ஆள் வரல, ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன்" என்றால் அப்படியே. "ஆள் பற்றாக்குறை" என்று சுருக்கிவிட்டால் எந்த ஆள், எந்த வேலைக்கு, எவ்வளவு நேரம் எல்லாம் காணாமல் போய்விடும். பேச்சின்போது அவர் முறையை முதலில் வையுங்கள், எப்போது வேண்டுமானாலும் அவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

9. நடுவில் சிக்கினால்

"எனக்கு ஒண்ணுமே தெரியல, வெள்ளையா இருக்கு": போர்டில் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டார். முழுப் போர்டையும் திரைக்குள் கொண்டுவர எக்ஸ்காலிட்ராவிலும் ஃபிக்ஜாமிலும் ஷிஃப்ட்டும் 1ம், மிரோவில் ஆல்ட்டும் 1ம். இது முடியாதவர் உங்கள் பெயர் இருக்கும் வட்டத்தைத் தொட்டால் உங்கள் திரையைப் பின்தொடர முடியும்.

யாரோ எதையோ அழித்துவிட்டார்: பதறிப்போய் நீங்கள் கன்ட்ரோல் இசட் அழுத்தாதீர்கள், நீங்கள் கடைசியாகச் செய்ததுதான் போகும். அழித்தவர்தான் அழுத்த வேண்டும். எல்லோரும் கையை எடுங்கள் என்று சொல்லிவிட்டு அவரை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

போர்டு திணறினால் கூட்டத்தை நிறுத்தாதீர்கள். ஒருவர் மட்டும் திருத்தட்டும், மற்றவர்கள் அவருடைய திரைப் பகிர்வைப் பார்த்துக்கொண்டு வாயால் சொல்லட்டும்.

10. முடிந்ததும் அதே நாளில்

முடிவுகளை போர்டிலிருந்து வெளியே எடுத்து, நீங்கள் தினமும் பார்க்கும் இடத்தில் போடுங்கள், அது வாட்ஸ்அப் குரூப்போ ஷீட்டோ எதுவாக இருந்தாலும். போர்டில் மட்டும் இருக்கும் முடிவை அடுத்த வாரம் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

போர்டைப் படமாக ஒன்றும், திருத்தக்கூடிய கோப்பாக ஒன்றும் சேமியுங்கள். எக்ஸ்காலிட்ராவில் இது கட்டாயம், உங்கள் வரைபடம் பிரவுசருக்குள்தான் இருக்கிறது, ஹிஸ்டரியோடு சேர்த்து எல்லாவற்றையும் துடைத்தால் அதுவும் போகலாம். அப்புறம் லிங்க்கைப் பார்க்க மட்டும் என்று மாற்றுங்கள், அல்லது பகிர்வை நிறுத்துங்கள்.

"அப்புறம் பேசுவோம்" ஃபிரேமில் இருப்பதை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் அடுத்த கூட்டம், யாரிடமாவது தனியாகக் கேட்பது, வேண்டாம் என்ற மூன்றில் ஒன்றை எழுதுங்கள். இது நடக்கவில்லையென்றால் அடுத்த முறை அந்த ஃபிரேமை யாரும் நம்ப மாட்டார்கள், பழையபடி நடுப்பேச்சில் எல்லாம் வந்து விழும்.

அடுத்த கூட்டத்துக்குப் புது போர்டு போட வேண்டாம். இதை ஒரு நகல் எடுத்து, நோட்டுகளை மட்டும் துடைத்து, ஃபிரேமையும் எண்ணையும் லாக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை மட்டும் மாற்றினால் போதும்.